புதிய வெர்னாவின் டாஷ்போர்டு ஒளி: சிவப்பா, நீலமா?

(2023 மார்ச்சில், ஹூண்டாயின் புதிய வெர்னா கார் வெளிவருவதற்கு முன், இணையக் கார் மன்றம் ஒன்றில் நடந்த உரையாடல் இழை. எண்ணை அடுத்து வருவது பதிவிட்டவரின் புனைபெயர்.)

1. செம்முள்

மார்ச் 21 அன்று அறிமுகமாகவிருக்கும் புதிய வெர்னாவுக்கு 25,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருப்பவர்களில் நானும் ஒருவன். 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 160 பிஎஸ் திறன், 253 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, பின்னிருக்கையில் என் தாயாரும் இரு பிள்ளைகளும் நெருக்கடியின்றி அமர, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2,670 மில்லிமீட்டர் வீல்பேஸ். குடும்பஸ்தன் ஒருவன் மனைவியிடம் நியாயப்படுத்திவிடக்கூடிய வேகமான கார் இதைவிட வேறென்ன இருக்க முடியும்? அந்த மகிழ்ச்சியில் மண் அள்ளிப் போடுவதற்கென்றே நீலவானம் நேற்று வேறோர் இழையில் தீர்ப்பு ஒன்றை வழங்கியிருக்கிறார்: "டாஷ்போர்டுக்கு நீல ஒளியே சிறந்தது, சிவப்பு ஒளி பழைய டவுன் பஸ்ஸைத்தான் நினைவூட்டுகிறது."

கண் இருட்டுக்கு முழுமையாகப் பழகுவதற்கு ஏறத்தாழ 30 நிமிடம் ஆகும். இருளில் பார்க்க உதவும் குச்சி செல்கள் நீலப்பச்சை ஒளியைத்தான் மிகக் கூர்மையாக உணர்கின்றன. ஆழ்ந்த சிவப்பை அவை ஏறக்குறையக் கண்டுகொள்வதே இல்லை. ஆகவே சிவப்பு மீட்டரைப் பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்பினால் கண் பழகியது பழகியபடியே இருக்கும். நீல மீட்டரைப் பார்த்தால் அரைமணி நேரத் தவம் அரை நொடியில் கலைந்துபோகும். பிஎம்டபிள்யூ பல தலைமுறைகளாகத் தன் மீட்டர்களுக்குச் செவ்வாரஞ்சு ஒளியைக் கொடுத்து வந்தது டவுன் பஸ்ஸின் மீது கொண்ட காதலாலா என்பதை நீலவானம் விளக்க வேண்டும்.

2. நீலவானம்

செம்முள் ஐயா, இரவில் சிவப்பு விளக்கு எரியும் நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தலைவராகிவிட்டார் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் மாலையோடு வந்திருப்பேன். நான் கார் ஓட்டுகிறவன். என் காரின் முன்னால் இரண்டு ஹெட்லைட்டுகள் எரிகின்றன. செங்கல்பட்டிலிருந்து திண்டிவனம் வரை, நடுத்திட்டில் அரளிச் செடி பட்டுப்போன இடங்களிலெல்லாம் எதிரே வரும் லாரியின் ஹைபீம் நேராக முகத்தில் அடிக்கிறது. அந்தச் சாலையில் யாருடைய கண் 30 நிமிடம் இருட்டில் உட்கார்ந்து பழகுகிறது?

2006-இல் வந்த ஹோண்டா சிவிக்கை 11 ஆண்டுகள் ஓட்டியவன் நான். மேல்தட்டில் எண்களாக வேகம், கீழ்த்தட்டில் எஞ்சின் சுழற்சியைக் காட்டும் ஆர்பிஎம் முள், இரண்டுக்கும் நீல ஒளி. 1990-களின் இறுதியில் வந்த கோல்ஃபிலும் பஸ்ஸாட்டிலும் ஃபோக்ஸ்வாகன் நீல மீட்டர்தான் வைத்தது. ஜெர்மனிக்காரர்களில் பிஎம்டபிள்யூ செய்பவர்களுக்கு மட்டும்தான் கண் இருக்கிறதா? இந்த 11 ஆண்டுகளில் நான் ஒரு மாட்டைக்கூட இடித்ததில்லை.

3. செம்முள்

மாட்டை இடிக்கவில்லை என்பது மாட்டின் சாமர்த்தியத்துக்குச் சான்று. நீல ஒளிக்குச் சான்று ஆகாது. ஃபோக்ஸ்வாகனை எடுத்துக்காட்டியவர், ஆறாம் தலைமுறை கோல்ஃப் 2008-இல் வந்தபோது அந்த நிறுவனமே நீலத்தைக் கைவிட்டு வெள்ளைக்கு மாறிய கதையை ஏன் சொல்லாமல் விட்டார்? மேலும் அந்த நீல மீட்டரிலும் முள் மட்டும் சிவப்பாகத்தான் இருந்தது. ஓட்டுநர் பார்க்க வேண்டிய ஒரே பொருளுக்குச் சிவப்பைக் கொடுத்துவிட்டு, மற்றதையெல்லாம் அலங்காரத்துக்கு விட்டிருக்கிறார்கள் என்பதே என் வாசிப்பு.

30 நிமிடக் கணக்குக்கு இன்னும் பதில் வரவில்லை. லாரியின் ஹைபீம் கண்ணைக் கெடுக்கிறது என்றால், காருக்குள்ளும் ஒரு ஹைபீமை வைத்துக்கொள்வதா அதற்குப் பரிகாரம்? சென்ற ஆண்டு டயர்களுக்கு நைட்ரஜன் நிரப்புவது குறித்து நடந்த விவாதத்திலும் இவர் இப்படித்தான் செய்தார். நாம் விடும் சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தானே என்று நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், தன் சிவிக்கின் மைலேஜைப் பற்றி நான்கு பத்தி எழுதினார். அது எனக்கு மறக்கவில்லை.

4. விழித்திரை

நான் கண் பரிசோதனைத் தொழிலில் இருப்பவன் என்பதால் இடையே நுழைகிறேன். குச்சி செல்களைப் பற்றிச் செம்முள் எழுதியது சரி. அவற்றின் உணர்திறன் ஏறத்தாழ 507 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது நீலப்பச்சையில், உச்சம் தொடுகிறது, பகல் பார்வைக்கோ உச்சம் 555-இல், மஞ்சள் கலந்த பச்சையில், இருக்கிறது. ஆனால் ஹெட்லைட் எரியும் சாலையில் ஓட்டுநரின் கண் முழு இருளுக்குப் பழகுவதே இல்லை. குச்சி செல்களும், பகலில் நிறம் காண உதவும் கூம்பு செல்களும் சேர்ந்து வேலை செய்யும் இடைநிலையில்தான் அது இருக்கிறது. அந்த வகையில் நீலவானம் சொன்னதும் சரி. நீலத்துக்கு வேறொரு குறை உண்டு. நீல ஒளி விழித்திரைக்குச் சற்று முன்னதாகவே குவிவதால் எழுத்துகளின் விளிம்பு மங்கித் தெரியும். வயதாக ஆக விழிவில்லை மஞ்சளாகி நீலத்தை விழுங்கவும் செய்யும். சிவப்போ அதற்கு மாறாக விழித்திரைக்குப் பின்னால் குவிய முற்படுவதால், கிட்டப் படிக்கக் கண்ணாடி போடும் வயதினர் அதைப் படிக்கச் சிரமப்படுவார்கள். எந்த நிறமானாலும் ஒளியின் அளவைக் குறைத்து வைப்பதே முதல் வேலை. அதற்கென்று ஒரு திருகோ பொத்தானோ பெரும்பாலான கார்களில் இருக்கிறது, அதைத் தொட்டவர்கள்தாம் குறைவு.

இருவரிடமும் ஒரு கேள்வி. நீங்கள் பேசுவது மீட்டரின் பின்னொளியைப் பற்றியா, திரையின் வெளிச்சத்தைப் பற்றியா, கதவோரம் ஓடும் ஆம்பியன்ட் லைட்டைப் பற்றியா? மூன்றுக்கும் விடை வேறு.

5. நீலவானம்

கண் மருத்துவமே என் பக்கம் நிற்கிறது என்பதைச் சபை குறித்துக்கொள்ளட்டும். "முழு இருளுக்குப் பழகுவதே இல்லை" என்பது அவருடைய வாக்கியம், என்னுடையதன்று. இதற்குமேல் 30 நிமிடம் என்று யாராவது எழுதினால், அதை எழுதியவரின் வேண்டுதலாக எடுத்துக்கொள்கிறேன்.

6. செம்முள்

"குச்சி செல்களைப் பற்றிச் செம்முள் எழுதியது சரி" என்ற முதல் பகுதியைக் கத்தரித்துவிட்டு இரண்டாம் பகுதியை மட்டும் ஏந்திக்கொண்டு ஊர்வலம் போகிறார் நண்பர். விழித்திரை அவர்கள் சொன்ன இடைநிலை என்பதிலும் குச்சி செல்கள் பாதி வேலை செய்கின்றன அல்லவா? பாதி வேலை செய்பவனைப் பாதியாவது தூங்க விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் வாதம். 30 நிமிடம் என்பதை 15 நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதைக் கெடுக்க நீலத்துக்கு என்ன உரிமை?

இவ்வளவுக்கும் கார்களில் நீலம் பரவியது கண்ணைக் கருதியன்று, மோகத்தால் என்பதே என் உறுதியான கருத்து. சிவப்பு எல்இடி 1962-இலேயே வந்துவிட்டது. பளிச்சென்று எரியும் நீல எல்இடியை 1993-இல்தான் ஜப்பானில் நகாமுரா என்ற விஞ்ஞானி உருவாக்கிக் காட்டினார். கிடைக்காத பொருள் கிடைத்தவுடன் காரில், டிவிடி பிளேயரில், தண்ணீர் சுத்திகரிக்கும் கருவியில் என்று எல்லாவற்றிலும் அதைத் திணித்தார்கள். 2011-இன் ஃப்ளூயிடிக் வெர்னாவிலும் பொத்தானுக்குப் பொத்தான் நீலம்தான். என் மைத்துனரின் காரில் இரவு உட்கார்ந்தால் மீன்தொட்டிக்குள் உட்கார்ந்த உணர்வு வரும்.

7. நீலவானம்

நீல எல்இடிக்காக 2014-இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். சிவப்பு எல்இடிக்கு யாருக்குக் கொடுத்தார்கள் என்பதைச் செம்முள் ஐயா தேடிச் சொல்லட்டும், காத்திருக்கிறேன். 30 நிமிடம் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை.

8. இருங்காட்டுக்கோட்டையான்

1998-இல் சான்ட்ரோ கார் வெளிவந்த நாளிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையின் வாசலைக் கடந்துதான் நான் வேலைக்குப் போகிறேன். அங்கிருந்து வெளிவரவிருக்கும் காரைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்களில் ஒருவர்கூட, இம்முறை வெர்னாவில் டீசல் எஞ்சினே இல்லை என்பதைப் பற்றி வருந்தவில்லையே. மாதம் இருமுறை நாகர்கோவில் போய்வருகிறவனுக்கு மீட்டர் சிவப்பாக எரிந்தால் என்ன, நீலமாக எரிந்தால் என்ன? பெட்ரோல் முள் இறங்குவதைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

9. செம்முள்

டீசல் வேண்டுமானால் அதே ஆலையில் செய்யும் கிரெட்டாவை வாங்கிக்கொள்ளலாமே? உயரமான வண்டியில் தள்ளாடியபடி நாகர்கோவில் போய்வாருங்கள். செடானின் அருமை தெரிந்தவர்கள் 528 லிட்டர் டிக்கியையும் தாழ்ந்த புவியீர்ப்பு மையத்தையும் வைத்துக்கொண்டு இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம்.

நோபல் பரிசை வைத்து மீட்டரின் நிறத்தை முடிவு செய்யும் நண்பருக்கு வேறோர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். விமானம் செய்துவந்த சாப் என்ற சுவீடன் நிறுவனம் தன் கார்களில் 'நைட் பேனல்' என்றொரு பொத்தானை வைத்தது. அதை அழுத்தினால் ஸ்பீடோமீட்டரைத் தவிர மற்ற எல்லா விளக்குகளும் அணைந்துவிடும். ஸ்பீடோமீட்டரிலும் மணிக்கு 140 கிலோமீட்டர் வரைதான் ஒளிரும், வேகம் அதைத் தாண்டினால்தான் மிச்சம் எரியும். இரவுப் பார்வையைக் காப்பது எவ்வளவு முக்கியம் என்பதை அறிந்தவர்கள் செய்த வேலை அது. 64 நிறத்தில் ஆம்பியன்ட் லைட் என்று இப்போது சொல்லிக்கொள்கிறார்களே, அந்த 64-இல் எனக்கு ஒன்று போதும்.

10. நீலவானம்

சாப் கார்களின் மீட்டர் எந்த நிறத்தில் எரிந்தது என்பதை ஐயா எழுத மறந்துவிட்டார். பச்சை. இருட்டைப் பற்றி நன்கறிந்த விமானக்காரர்கள் சிவப்பைத் தொடவில்லை; குச்சி செல்கள் மிக எளிதில் உணரும் நிறத்துக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறார்கள். விமான ஓட்டிகளின் அறையிலேயே ஒரு காலத்தில் சிவப்பு விளக்கு இருந்தது. அந்த வெளிச்சத்தில் வரைபடத்தின் சிவப்புக் கோடுகள் கண்ணுக்குத் தெரியாமல் போனதுதான் மிச்சம்.

11. செம்முள்

பச்சை என்பது நீலம் அன்று. நான் நீலத்தைத்தான் எதிர்த்தேன். பச்சையைப் பற்றி இந்த இழையில் ஒரு சொல்லும் எழுதியதில்லை. ஒளியைக் குறைக்க வேண்டும் என்பதற்காகத்தான் சாப்பைக் குறிப்பிட்டேன், நிறத்துக்காக அன்று. வரைபடத்தைப் பொறுத்தவரை, நான் நாகர்கோவிலுக்கு வரைபடம் விரித்துப் பார்த்துக்கொண்டு போகிறவன் அல்லன்.

12. சொல்லேருழவன்

இத்தனை பதிவுகளில் 'ஆம்பியன்ட் லைட்' என்று எழுதியவர்கள் எவருக்கும் 'சூழொளி' என்ற எளிய சொல் தோன்றவில்லையா? மற்றொன்று, புதிய வெர்னாவில் மீட்டர் இருக்கும் இடத்தில் டிஜிட்டல் திரை வருகிறது. திரையில் ஏது முள்? முள்ளே இல்லாத காருக்காக முள்ளின் பெயரைச் சூட்டிக்கொண்டு ஒருவர் போரிடுவதை நான் இன்றுதான் காண்கிறேன்.

13. செம்முள்

திரையில் வரைந்து காட்டினாலும் முள் முள்தான். சுவரில் வரைந்த யானையை நீங்கள் பூனை என்றா அழைப்பீர்கள்? சூழொளி நல்ல சொல்தான். ஆனால் ஷோரூமில் போய் "சூழொளியைச் சிவப்பாக்கிக் காட்டுங்கள்" என்று கேட்டுப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்பதை இங்கே எழுதுங்கள்.

14. சொல்லேருழவன்

ஷோரூமில் புரியாது என்பதற்காகத் தமிழைக் கைவிடும் ஒருவர், டவுன் பஸ்ஸோடு ஒப்பிட்டதற்காக மட்டும் இவ்வளவு கோபப்படுவது வியப்பளிக்கிறது. 'பேருந்து' என்றால் ஒருவேளை கோபம் குறைந்திருக்குமோ?

15. ஜிடி உரிமையாளர்

நீங்கள் இன்னும் வராத காரின் விளக்குக்குச் சண்டையிடுகிறீர்கள்; நான் சென்ற ஆண்டு ஜூனில் வந்த ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடியை ஒன்பது மாதங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 150 பிஎஸ், சிவப்புத் தையல், தேவையில்லாதபோது இரண்டு சிலிண்டர்களை உறங்க வைக்கும் எஞ்சின். 10 பிஎஸ் கூடுதல் என்பதற்காகக் காத்திருப்பவர்களுக்கு என் அனுதாபங்கள். திரையின் ஒளியைக் குறைத்து வைத்திருக்கிறேன்; இந்த விவாதம் எனக்குத் தேவைப்படவே இல்லை.

16. செம்முள்

தேவைப்படாத விவாதத்தில் தன் காரின் தையல் நிறம்வரை எழுதிவிட்டுப் போகும் ஒன்பது மாத உரிமையாளருக்கு நன்றி. தையலுக்குச் சிவப்பு என்றால் பெருமை, மீட்டருக்குச் சிவப்பு என்றால் டவுன் பஸ்!

நீலவானத்துக்கு நேரான அழைப்பு ஒன்றை விடுக்கிறேன். வெர்னா என் கைக்கு வந்த அந்த வாரமே, அமாவாசை இரவு ஒன்றில், பரனூர் சுங்கச்சாவடியிலிருந்து திண்டிவனம் வரை இருவரும் போவோம். போகும்போது சூழொளியும் திரையும் சிவப்பில் இருக்கட்டும், வரும்போது நீலத்தில் இருக்கட்டும். மைல்கல்லை யார் எவ்வளவு தொலைவில் படிக்கிறார்கள் என்பதை விழித்திரை அவர்கள் பின்னிருக்கையில் அமர்ந்து குறித்துக்கொள்ளட்டும்.

17. விழித்திரை

நான் வரவில்லை. நான் கேட்ட கேள்விக்கே இன்னும் இருவரும் விடை சொல்லவில்லை.

18. நீலவானம்

வருவதற்கு எனக்குத் தடையில்லை, இரண்டு நிபந்தனைகள் மட்டும். போகும்போது கண் களைப்பில்லாமல் இருக்கும், வரும்போது களைத்திருக்கும் என்பது ஐயாவுக்குத் தெரியாததன்று. ஆகவே போகும்போது நீலம், வரும்போது சிவப்பு. இரண்டாவது, ஹெட்லைட்டை அணைத்துவிட்டு 30 நிமிடம் சாலையோரத்தில் தவம் இருக்கச் சொல்லக்கூடாது.

19. செம்முள்

வரிசையை நான் மாற்றமாட்டேன். சோதனையை முன்மொழிந்தவன் நான். வண்டியும் என்னுடையது, பெட்ரோலும் என்னுடையது. 30 நிமிடக் கணக்குக்கு இந்த நிமிடம்வரை பதில் இல்லை.

20. நீலவானம்

பதிவு 2, பதிவு 5.

21. செம்முள்

இரண்டையும் மறுபடி படித்தேன். முதலாவதில் ஒரு மாடு இருக்கிறது, இரண்டாவதில் ஒரு வேண்டுதல் இருக்கிறது. பதில் எங்கே?