பெக் ட்யூப் அடிக்கடி அடைக்கிறது, சுற்றிலும் தோல் சிவப்பு

கேள்வி: வயிற்றில் பெக் ட்யூப் (வயிற்றுத் தோலில் துளை போட்டு, நேரா இரைப்பைக்குள்ள உணவு கொடுக்க விடும் குழாய்) வைத்து ஆறு வாரம். மாத்திரை கொடுத்தாலே அடைக்குது. ட்யூபை வெளியே தோல் மேல் பிடிச்சு வைக்கும் வெளி வளையத்துக்குக் கீழே தோலும் சிவந்திருக்கு. என்ன செய்யலாம்?

பதில் 1: காரணம் பெரும்பாலும் மாத்திரைத் தூள்தான். நைசா பொடிச்சு, ஒவ்வொண்ணையும் தனித்தனியா தண்ணியில கரைச்சுக் கொடுங்க, ஃபீடோட (ட்யூப்ல விடும் திரவ உணவோட) கலக்காதீங்க. முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணி விடணும். மெதுவா கரையுற வகை மாத்திரையைப் பொடிக்கவே கூடாது. சிரப்பா கிடைக்குமான்னு டாக்டரைக் கேளுங்க. அடைச்சா 60 மி.லி. சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணி எடுத்து மெல்லத் தள்ளி இழுங்க. சின்ன சிரிஞ்சில் அழுத்தம் கூடி ட்யூப் கிழியும். கம்பி விட்டுக் குத்துறது மகா தப்பு.

பதில் 2: சிவப்புக்கு, வளையம் தோலை அழுத்துதான்னு பாருங்க. சுமார் அரை செ.மீ. இடைவெளி வேணும். சோப்புத் தண்ணியில துடைச்சு, நல்லா காய விடுங்க. வாரம் ஒரு தடவை வளையத்தைத் தளர்த்தி, ட்யூபை 2 செ.மீ. உள்ளே தள்ளி, சுழற்றி, பழைய அளவுக்கே இழுத்து வைங்க. இல்லேன்னா, ட்யூபை இரைப்பைக்குள்ள பிடிச்சு வைக்கும் உள் வளையம் வயிற்றுச் சுவரில் புதையலாம். குடல் வரை போற ட்யூப் வகையைச் சுழற்றக் கூடாது. சீழ், காய்ச்சல்னா டாக்டரிடம் போங்க.

பதில் 3: ட்யூப் கழன்று வந்துட்டா காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. துளை சில மணி நேரத்திலேயே மூட ஆரம்பிக்கும்.