'காஷ்மீர்' பாட்டு மட்டும் கரகரங்குது, யாராச்சும் உதவுங்க

வணக்கம் நண்பர்களே, லெட் செப்பலின் ராக் பேண்டோட 'பிசிக்கல் கிராஃபிட்டி' ஆல்பம், 1975 பிரஸ்ஸிங் (அந்த வருஷம் அச்சடிச்ச வினைல்) கைக்கு வந்துச்சு, ரெண்டு ரெக்கார்டு 15 பாட்டு, அட்டையில வெட்டின ஜன்னல்ல உள்கவரை மாத்தினா வேற வேற படம் தெரியும், அதைப் பார்த்துட்டே அரை மணி நேரம் போயிடுது. போன்ல எத்தனையோ தடவை கேட்டதுதான், ஆனா சைடு முடிஞ்சு எழுந்து திருப்பிப் போட்டுக் கேக்குறது தனி சுகம்ங்க.

ரெண்டாவது சைடுல கடைசியா வர்ற 'காஷ்மீர்' மட்டும் பாதிக்கு மேல உடையுது, முன்னாடி ரெண்டு பாட்டும் சுத்தம். உள்பக்கம் போகப் போக ஊசிக்கடியில பள்ளம் மெதுவா ஓடுறதால சத்தம் கெடும்னு தெரியும், ஆனா இவ்ளோவா? கார்ட்ரிட்ஜ் (ஊசியைப் பிடிச்சிருக்கிற பாகம்) அலைன்மென்ட் பாக்கணுமா, ஊசி மாத்தணுமா, இல்ல ரெக்கார்டே தேஞ்சிருச்சா? 2015 ரீமாஸ்டர் (ஒலியைச் சீராக்கி மறுபடி வெளியிட்டது) வச்சிருக்கவங்க அதுல அந்த இடம் எப்படி இருக்குன்னு சொல்லுங்க ப்ளீஸ்.