இரவில் டயப்பர் கசிகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: ஒன்றரை வயது மகனுக்கு இரவில் மாட்டிவிடும் டயப்பர் விடிவதற்குள் வயிற்றுப் பக்கமாகக் கசிந்து, பாயும் போர்வையும் நனைந்துவிடுகின்றன. தூக்கத்தைக் கலைக்காமல் இதைத் தவிர்க்க வழி உண்டா?

பதில் 1: முன்பக்கம் கசிகிறது என்றால், மாட்டும்போது ஆண்குறி கீழ்நோக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மேல்நோக்கி இருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த டயப்பரும் இடுப்புப் பட்டை வழியே ஒழுகத்தான் செய்யும். தொடையைச் சுற்றியுள்ள சுருக்க விளிம்புகள் உள்ளே மடங்கியிருந்தால் விரலால் வெளியே இழுத்துவிடுங்கள்.

பதில் 2: இரவுக்கு மட்டும் ஓர் அளவு பெரியதாக வாங்கிப் பாருங்கள். சிறுநீரை உறிஞ்சிக் கூழாக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் துகள்கள் பொதுவாக அதில் கூடுதலாக இருக்கும். ஆனால் தொடையில் இடைவெளி விழுந்தால் பயனில்லை.

பதில் 3: கசிவுக்குப் பயந்து பாலையோ தண்ணீரையோ குறைத்துவிடாதீர்கள். படுக்கைக்குச் சற்று முன்னதாகவே கொடுத்துவிட்டு, தூங்கப் போகும் நேரத்தில் புதிய டயப்பர் மாட்டினால் போதும்.