உருளை சிப்ஸ் கறுத்துப் போகிறது, அவசர உதவி

கொருக்குப்பேட்டை கடைக்காரன் | காலை 6.12
வணக்கம். சின்ன அளவில் உருளைக்கிழங்கு சிப்ஸ் போடுகிறேன். மூன்று நாளாக எல்லா ஈடும் சிவந்து, ஓரம் கறுத்து, லேசான கசப்போடு வருகிறது. எண்ணெய் மாற்றியாகிவிட்டது. மாஸ்டரும் அதே ஆள்தான். இன்று மாலைக்குள் 40 கிலோ கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மூலக்கடை மணி | 6.31
எண்ணெய் சூடு எவ்வளவு? சீவல் எவ்வளவு தடிமன்? கழுவிப் போடுகிறீர்களா, கட்டையை வைத்து நேராக எண்ணெயில் சீவுகிறீர்களா?

செக்கடி | 6.50
எண்ணெய்தான் காரணம். மாற்றினேன் என்றால் முழுக்க வடித்துவிட்டு மாற்றினீர்களா, பழையதன் தலையில் புதிதை ஊற்றினீர்களா? திரும்பத் திரும்பக் காய்ந்து எண்ணெய் கெடும்போது சேரும் போலார் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கவே கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கிறது.

தண்டையார்பேட்டை அக்கா | 7.04
நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு, தம்பி. கேன் தண்ணீரில் ஒரு ஈடு கழுவிப் போட்டுப் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை கடைக்காரன் | 7.40
முழுக்க வடித்துத்தான் மாற்றினேன். எப்போதும் இதே தண்ணீர்தான், அக்கா. ஒரே ஒரு அலசு. சூடு மாஸ்டரின் கண் அளவு.

பழைய சூப்பர்வைசர் | 8.15
தம்பி, இத்தனை பேர் பேசியும் கிழங்கைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. 22 வருடம் சிப்ஸ் ஆலையில் இருந்தவன் சொல்கிறேன், இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். லாரி வந்ததும் நாங்கள் மூட்டையை இறக்க மாட்டோம். சில கிழங்குகளை எடுத்துச் சீவி, அங்கேயே பொரித்து நிறம் பார்ப்போம். சிவந்தால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அதற்குப் பிறகுதான் கல் நீக்கி, சொரசொரப்பான ரோலர்களில் தோல் உரித்து, ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் சீவி, மேலே ஒட்டிய மாவு போகக் கழுவி, ஈரம் வடித்து, 180 டிகிரி எண்ணெயில் மூன்று நிமிடம் விடுவது. கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வெளியே வரும் சிப்ஸில் 2 சதவீதம் இருந்தாலே அதிகம். எல்லாம் முடிந்து பெல்ட்டில் போகும்போதும், கறுத்த துண்டைக் கேமரா கண்டுபிடித்துக் காற்றால் தட்டிவிடும். இதெல்லாம் தெரியாமல் அடுப்பு பற்றவைத்தால் இப்படித்தான். எந்த ஊர்க் கிழங்கு, எப்போது வாங்கியது?

மூலக்கடை மணி | 8.22
உதவி கேட்டு வந்தவரிடம் இப்படியா பேசுவது? அதே ஆலைக்காரர்கள்தான் பாக்கெட்டில் பாதிக்குக் காற்றை அடைத்து விற்கிறார்கள்.

பழைய சூப்பர்வைசர் | 8.30
காற்று இல்லை, நைட்ரஜன். ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் காறல் அடிக்கும், அதற்காக அடைப்பது. லாரியில் குலுங்கும்போது சிப்ஸ் நொறுங்காமல் இருக்கவும் அதுதான் மெத்தை.

மூலக்கடை மணி | 8.34
மெத்தை சரி. அதற்கு இவ்வளவு பெரிய பாக்கெட்டா? குழந்தைகள் பார்த்து ஏமாறுகிறார்களே.

செக்கடி | 8.41
எடை அச்சடித்துத்தானே இருக்கிறது? வாங்குகிறவர் படிக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை அக்கா | 8.46
பாக்கெட் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தம்பிக்கு மாலைக்குள் 40 கிலோ வேண்டும்.

கொருக்குப்பேட்டை கடைக்காரன் | 9.05
போன வாரம் ஆக்ரா கிழங்கு விலை குறைவாக வந்தது, 10 மூட்டை எடுத்தேன். கோல்டு ஸ்டோரேஜ் சரக்கு. மூட்டையில் கை வைத்தால் சில்லென்று இருந்தது. வெட்டினால் வெள்ளையாக, நன்றாகத்தான் இருக்கிறது. அதில் என்ன?

உணவியல் மாணவி | 9.20
அண்ணா, அதுதான் காரணம். சமையலுக்கு விற்கும் கிழங்கு முளைக்காமல் இருக்க 2 முதல் 4 டிகிரி குளிரில் வைப்பார்கள். அந்தக் குளிரில் கிழங்கில் இருக்கும் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். அந்தச் சர்க்கரையில் இருக்கும் குளுக்கோஸும் பிரக்டோஸும் எண்ணெய்ச் சூட்டில் கிழங்கின் அமினோ அமிலத்தோடு சேர்ந்தால் சிவப்பும் கசப்பும் வரும். அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் அதே வழியில்தான் உண்டாகிறது, அதனால் கறுத்ததை விற்காதீர்கள். சிப்ஸுக்கென்று வைக்கும் கிழங்குக்கு 10 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். அதற்கென்றே குஃப்ரி சிப்சோனா என்ற ரகமும் இருக்கிறது.

நிச்சயப்படுத்த, கடையில் ஹாசன் புதுக்கிழங்கு இரண்டு கிலோ வாங்கி, அதே எண்ணெயில் அதே மாஸ்டரை விட்டுப் போடச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் சிறுநீர் சர்க்கரைப் பட்டையை வெட்டிய கிழங்கில் அழுத்தினாலும் நிறம் மாறிக் காட்டும். இந்த மூட்டைக் கிழங்கை வீட்டில் சமைத்தீர்களா?

கொருக்குப்பேட்டை கடைக்காரன் | 9.31
ஞாயிற்றுக்கிழமை அம்மா பொரியல் செய்தார்கள். சர்க்கரை போட்டாயா என்று நானே கேட்டேன்.

பழைய சூப்பர்வைசர் | 9.38
மாணவி சொன்னது சரி. இன்றைய ஆர்டருக்குப் புதுக்கிழங்கையே வாங்குங்கள். பழையதையே போட்டாக வேண்டுமென்றால், சீவியதை 70 டிகிரி வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்து, ஈரம் போக உலர்த்தி, சூட்டைக் குறைத்துப் பொரிக்க வேண்டும். கொஞ்சம் சர்க்கரை இறங்கும், கிழங்கின் ருசியும் கூடவே போகும். முதலில் ஒரு வெப்பமானி வாங்குங்கள், தம்பி.

செக்கடி | 9.52
மூட்டையை இரண்டு மூன்று வாரம் வெளியே வைத்தால் சர்க்கரை குறையும் என்கிறார்களே?

உணவியல் மாணவி | 10.03
குறையும், ஆனால் அதற்கு 15 முதல் 20 டிகிரி வேண்டும். சென்னை குடோன் சூட்டில் முளைக்கும், அழுகும்.

கொருக்குப்பேட்டை கடைக்காரன் | மறுநாள் இரவு 9.47
மன்னிக்கவும், நேற்று வர முடியவில்லை. இரண்டு கிழங்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். புதுசு வெளிர் மஞ்சள், பழசு வெல்லப்பாகு நிறம். மாஸ்டர் ஜல்லிக்கரண்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார், மூன்று நாளாக அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். 40 கிலோவும் கொடுத்தாயிற்று, இரவு 8 மணி ஆனது. மிச்சம் 6 மூட்டையை மின்ட் பக்கத்து மெஸ்ஸுக்குக் குருமாவுக்கும் போண்டாவுக்கும் கொடுத்துவிட்டேன். வெப்பமானி வாங்கிவிட்டேன், ஐயா. எல்லோருக்கும் நன்றி.