காப்புறுதி அட்டைக்காக வேலையை விடாமல் இருக்கிறேன்

கோண்டாவிலான்:
யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் நாலரை வருடமாக வேலை செய்கிறேன். ஐந்து மணிக்கு முடிய வேண்டிய வேலை எட்டு மணி வரை இழுபடுகிறது. மேலதிக நேரக் கொடுப்பனவு கிடையாது. கேட்டால் முகாமையாளர், "அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்குக் காசு கட்டியது யார்?" என்கிறார். கட்டியது, வேலையோடு கிடைத்த மருத்துவ அட்டையின் காப்புறுதி நிறுவனம். மற்றக் கண்ணுக்கும் செய்ய வேண்டும். வேலையை விட்டால் அட்டையும் போய்விடும். என்ன செய்வது?

சுன்னாகம் வியாபாரி:
தம்பி, கோபிக்க வேண்டாம். நானும் 22 பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன். சட்டம் என்னிடம் கேட்பது ஊழியரின் ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். மருத்துவக் காப்புறுதியை அது கேட்கவில்லை. கொடுக்கலாமா என்று நானும் விசாரித்தேன்; கட்டுப்பணத்தைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன். உங்கள் முதலாளி விரும்பிக் கொடுக்கிறார். அவரையும் திட்டினால் அடுத்த வருடம் நிறுத்திவிடுவார். தொழில் பழக்கிவிட்ட ஆள் ஆறாம் மாதம் கனடாவுக்குப் போகும் வயிற்றெரிச்சல் உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

நல்லூர் வாசகி:
கொடுத்ததில் குற்றமில்லை, சொல்லிக்காட்டியதில்தான் குற்றம். அந்தக் கட்டுப்பணம் முதலாளியின் தானமா? கோண்டாவிலான் உழைத்ததற்கான கூலியில் ஒரு பங்கு, வேறு வடிவில் வருகிறது. கோண்டாவிலான், அரசின் பெரியாஸ்பத்திரியில் அம்மாவை ஏன் பதியவில்லை? என் அப்பா இருதய வருத்தத்துக்குப் பன்னிரண்டு வருடமாக அங்கேதான் கிளினிக் போகிறார்.

கோண்டாவிலான்:
2022 மருந்துத் தட்டுப்பாட்டில் அம்மாவின் பிரஷர் குளிசைக்காக ஏழு மருந்துக்கடை ஏறி இறங்கினேன். அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

கடல்கடந்தவன்:
அமெரிக்காவின் நியூ ஜேர்சியிலிருந்து எழுதுகிறேன். இந்தப் பயத்தின் பெரிய வடிவம் இங்கே இருக்கிறது. 1942இல், போர்க்காலத்தில், சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. சம்பளத்தைக் கூட்ட முடியாத நிறுவனங்கள் மருத்துவக் காப்புறுதியைக் காட்டி ஆட்களை இழுத்தன. 1954இல் வரிச் சட்டமும் அதற்கு வரிவிலக்கை உறுதிசெய்தது. போர் முடிந்தும் ஏற்பாடு முடியவில்லை. 20 பேருக்குக் குறையாத நிறுவனத்திலிருந்து விலகினால் பொதுவாக 18 மாதம் அதே காப்புறுதியைத் தொடரலாம். ஆனால் முதலாளி கட்டிய பங்கையும் நாமே கட்ட வேண்டும்; மேலே 2 வீதம் நிர்வாகச் செலவும் கேட்கலாம். சம்பளம் நின்றுபோன மாதத்தில் அதைக் கட்டிப் பாருங்கள்! என் நண்பர் ஒருவர் மகளின் ஆஸ்துமாவுக்காக, பிடிக்காத மேலாளரிடம் ஒன்பது வருடம் குனிந்து நின்றார்.

சுன்னாகம் வியாபாரி:
அமெரிக்கக் கதை இங்கே எதற்கு? இங்கே ஆஸ்பத்திரி இலவசம். பிறகு யார் யாரைக் கட்டிவைப்பது?

நல்லூர் வாசகி:
அதைத்தான் ஐயா நானும் சொல்கிறேன். அரச வைத்தியசாலைகளில் 1951இல் கட்டணத்தை எடுத்தார்கள். அந்த இலவச வைத்தியம் இருப்பதால்தான் உங்கள் ஆட்கள் துணிந்து வேலையை விடுகிறார்கள். வசதியுள்ளவர்கள் எல்லாம் அட்டையோடு தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டால், மருந்து இல்லை என்று அரசிடம் சத்தம்போட யார் மிஞ்சுவார்கள்?

சுன்னாகம் வியாபாரி:
சத்தம்போட்டால் கண் தெரியுமா? அந்த அம்மாவுக்கு இந்த மாதம் பார்வை வேண்டும்.

ஓய்வுபெற்ற கணக்காளன்:
இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். கோண்டாவிலான், உங்கள் நிறுவனத்தில் 15 பேராவது வேலை செய்கிறார்களா? அப்படியென்றால் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தியானதும் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் உங்களுக்குச் சேரும். நாலரையில் விலகினால் அது கிடையாது. நியமனக் கடிதத்தில் திகதியைப் பாருங்கள். எட்டு மணி வரை இருந்த நாட்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தொழில் திணைக்களத்துக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அதுவரை அட்டையைப் பாவியுங்கள். அதற்கு வெட்கப்பட எதுவுமில்லை.

கோண்டாவிலான்:
கடிதத்தைத் தேடி எடுத்தேன். நவம்பர் 4. இன்னும் ஐந்து மாதம். திங்கட்கிழமை அம்மாவைப் பெரியாஸ்பத்திரியிலும் பதிகிறேன். சுன்னாகம் ஐயா, டிசம்பரில் உங்களுக்கு ஆள் தேவைப்படுமா?

சுன்னாகம் வியாபாரி:
தேவைப்படும். காப்புறுதி இல்லை. ஐந்தரைக்குக் கதவைப் பூட்டிவிடுவேன்.