டாக்டரைப் பார்க்கக் கட்டணம் வைத்தால் வீண் செலவு குறையுமா?

மாலைவெயில்:
எங்கள் அலுவலகத்தில் குழுக் காப்பீட்டை மாற்றப் போகிறார்கள். இதுவரை முழுச் செலவும் காப்பீட்டில் போனது, இனி டாக்டரைப் பார்த்தாலும் மருந்து வாங்கினாலும் ஒரு பங்கு நம் கையிலிருந்து. இலவசம் என்பதால் தும்மினால்கூட டாக்டரிடம் ஓடுகிறார்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் காப்பீடு இல்லாமல் இருந்த சில மாதங்களில் அம்மா பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மீதிப் பாதியை அட்டையின் அதே குழியில் வைத்து, கிழிந்த தாளை மேலே மடித்து அமுக்கியிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. இது உண்மையிலேயே வீண் செலவைக் குறைக்குமா, இல்லை இப்படித்தான் முடியுமா?

எண்சுவடி:
இதை நேரடியாகச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 1970களில் தொடங்கி 1982 வரை நடத்திய ஆய்வு அது. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு முழு இலவசம், மற்றவர்கள் செலவில் 25, 50 அல்லது 95 சதவீதம் தாங்களே கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். 95 சதவீதக் குழுவின் மருத்துவச் செலவு இலவசக் குழுவைவிடச் சுமார் 30 சதவீதம் குறைந்தது. ஆக, உங்கள் அலுவலகம் சொல்வது பொய்யில்லை. சராசரி ஆளின் உடல்நலமும் பெரிதாகக் கெட்டுவிடவில்லை.

ஆனால் எது குறைந்தது என்று பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. தேவையற்ற சிகிச்சை எவ்வளவு குறைந்ததோ ஏறக்குறைய அதே அளவு தேவையான சிகிச்சையும் குறைந்தது. உயர் ரத்த அழுத்தம் இருந்த ஏழைகள் இலவசக் குழுவில் இருந்தபோதுதான் அழுத்தம் கட்டுக்குள் வந்தது. எந்தச் சிகிச்சை முக்கியம், எது இல்லாமல் சமாளிக்கலாம் என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? தெரிந்தால் அவர் டாக்டரிடமே போக வேண்டாமே.

இன்னொன்று, அந்த ஆய்வில் கட்டணம் தடுத்தது பெரும்பாலும் முதல் அடியைத்தான். டாக்டரிடம் போய்விட்ட பிறகு ஒரு நோய்க்கு ஆகும் செலவு குழுவுக்குக் குழு அதிகம் வேறுபடவில்லை. வருவதா வேண்டாமா என்பதுதான் நோயாளி கையில் இருக்கிறது, அதற்குப் பிறகு ஸ்கேன், அட்மிஷன், ஆபரேஷன் எல்லாம் டாக்டரின் பேனா.

நடுநிலைக்கோடு:
சரி, ஆனால் காசு எங்கிருந்தோ வர வேண்டுமே. முழு இலவசம் என்றால் பிரீமியம் ஏறும், அதையும் இதே ஊழியர்கள்தான் சம்பளத்தில் இழப்பார்கள். சிறிய கட்டணம் ஒரு நிதானத்தையாவது கொடுக்கும், அதை முழுசாகத் தள்ளிவிட முடியாது.

எண்சுவடி:
பிரீமியம் பற்றிச் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிறிய கட்டணம் என்ன செய்தது என்பதற்கும் அனுபவம் இருக்கிறது. ஜெர்மனியில் 2004இல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10 யூரோ என்று கொண்டுவந்தார்கள். கிளினிக்குகளுக்கு வசூல் வேலைதான் மிச்சம், எதிர்பார்த்த மாதிரி டாக்டரிடம் போவது நிலையாகக் குறையவில்லை. கடைசியில் 2012 நவம்பரில் நாடாளுமன்றமே ஒருமனதாக அதை ரத்து செய்தது. கலிஃபோர்னியாவில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களுக்குக் கட்டணத்தை ஏற்றியபோது டாக்டரைப் பார்ப்பதும் மருந்து வாங்குவதும் குறைந்தன, ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்வது கூடியது, அதுவும் நாள்பட்ட நோய் உள்ளவர்களிடம்தான் அதிகம். மாத்திரையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி படுக்கைச் செலவில் போய்விட்டது.

செலவைக் குறைக்க வேண்டுமானால் பேனா பக்கம் போக வேண்டும். முதியவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் 1983இல் செய்தது அதுதான், செய்த ஒவ்வொன்றுக்கும் பில் கொடுப்பதை விட்டு, ஒரு நோய்க்கு இவ்வளவு என்று ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே தொகை நிர்ணயித்தார்கள். நோயாளிகள் படுத்திருக்கும் நாட்கள் மளமளவென்று குறைந்தன. (சீக்கிரம் அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அப்போதே இருந்தது, நியாயமான பயம்தான், கண்காணிப்பு வேண்டும்.)

வார்டுவிளக்கு:
பதினான்கு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். பக்கவாதத்தோடு வருபவர்களிடம் மாத்திரை ஒழுங்காகப் போட்டீர்களா என்று கேட்டால், கூட வந்தவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். தீர்ந்துபோய் வாங்கவில்லை என்பதை மகன் முன்னால் சொல்லக் கூச்சம். மகன் வெளியே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். இவர்களை வீண் செலவு செய்பவர்கள் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். மாலைவெயில், அம்மாவுக்கு மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று அட்டையை எண்ணிப் பாருங்கள், கேட்காதீர்கள்.

நடுநிலைக்கோடு:
அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டணம் வைப்பதுதான் தப்பு என்று வைத்துக்கொள்ளலாமா? நெதர்லாந்தில் ஆண்டுக்கு 385 யூரோ வரை தன் கைக்காசு, ஆனால் குடும்ப டாக்டரைப் பார்ப்பதற்கு அதில் விலக்கு உண்டு. முதல் கதவு திறந்தே இருக்கிறது. அந்த மாதிரி என்றால் எனக்குச் சம்மதம்.

மாலைவெயில்:
எல்லோருக்கும் நன்றி. அட்டையை எண்ணினேன், ஒன்பது மாத்திரை குறைவாகத்தான் எடுத்திருக்கிறார். காப்பீடு இருக்கும்போதே இப்படி, பழைய பழக்கம் போகவில்லை. வியாழக்கிழமை அலுவலகத்தில் கூட்டம். பிரஷர், சுகர் மருந்துக்கும் முதல் முறை டாக்டரைப் பார்ப்பதற்கும் விலக்கு, ஒரு குடும்பம் வருடத்துக்குக் கொடுக்கும் மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு, இந்த மூன்றையும் எழுத்தில் கேட்கப் போகிறேன். உச்சவரம்பைச் சம்பளத்துக்குத் தகுந்த மாதிரி வைக்கச் சொல்லலாமா?

எண்சுவடி:
கட்டாயம் கேளுங்கள். ராண்ட் ஆய்விலேயே அது இருந்தது, வருமானத்தில் 5, 10 அல்லது 15 சதவீதம், எப்படியும் 1000 டாலருக்கு மேல் ஒரு குடும்பம் கொடுக்க வேண்டியதில்லை. அந்த வரம்பு இருந்தும் தேவையான சிகிச்சை அவ்வளவு குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.