செடர்பெர்க் மலையில் மின்னல் தீ: அணைக்காமல் விடலாமா?

டர்பன்வாசி: பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் கேப் பக்கம் செடர்பெர்க் மலையில் நடக்கப் போனோம். எதிர் முகட்டில் மின்னல் விழுந்து புகை கிளம்பியது, ஹெலிகாப்டர் எதுவும் வரவில்லை, இரவு முழுக்க எரிந்தது, எனக்குத் தூக்கமே இல்லை. இப்படி விட்டுவிடுவது சரிதானா?

மலைநடையன்: தம்பி, ஃபின்போஸ் புதர்க்காட்டுக்குத் தீ வேண்டும். அங்கே வளரும் புரோட்டியா என்ற பூச்செடிகளில் பல, விதையைக் கூம்புக்குள் பூட்டி வைத்திருக்கும், செடி எரிந்து செத்த பிறகுதான் அது திறக்கும். எரிந்த இடத்தில் ஒரு கூம்பை எடுத்துப் பார்த்தேன், வெளியே கரி, உள்ளே ரோமம் படர்ந்த விதைகள் அப்படியே இருந்தன. ஆள் இல்லாத இடம் என்றால் எரியவிட்டு, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்காணிப்பதே நல்லது.

கேப்டவுன் அக்கா: சரி, ஆனால் அடிக்கடி எரிந்தால் விதை கட்டும் முன்பே செடி போய்விடும். அப்புறம் கிளான்வில்லியம் செடர் மரம், இயற்கையாக அந்த மலையில் மட்டும்தான் வளர்கிறது, எரிந்தால் மறுபடி துளிர்க்காது. அதன் பக்கம் தீ போனால் அணைத்தே ஆக வேண்டும். 1998ஆம் ஆண்டுக் காட்டுத்தீச் சட்டப்படி நிலக்காரர்கள் எல்லையில் தீத்தடுப்புக் கோடு (தீ பரவாதபடி செடிகளை அகற்றிய பட்டை) போட வேண்டும், அது ஒழுங்காக இருந்தால்தான் மேலே எரிவதை விட்டுவைக்கத் தைரியம் வரும்.

டர்பன்வாசி: நன்றி அக்கா. நாங்கள் தங்கிய இடத்துக்கு மேலே ஒரு செடர் தனியாக நின்றது, தப்பியதா என்று விசாரிக்கிறேன்.